மாமாவுக்காகக் காத்திருந்தவர்

"…அதனால அந்தப் பூந்தி டப்பாவ செத்த நேரம் மூடி வைங்கக்கா. அவன் அம்மா போயிட்டாங்களாம்," என்றார் மாமா. திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரி. அவருடைய ஒரு கையில் போன், மறு கையில் காலையில் பிறந்த மகள். யார் அந்த 'அவன்' என்று என் அம்மா கேட்கவில்லை.

மாமாவுக்கு ராஜஸ்தான் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணற்று வேலை. கிணறு ஒரு கம்பெனிக்கு, தோண்டும் ரிக் இன்னொரு கம்பெனிக்கு, குழாயைச் சுற்றி சிமென்ட் இறக்குவது மூன்றாவது கம்பெனி. அதற்கும் கீழே ஒரு சப்-கான்ட்ராக்டர்; அவரிடம்தான் மாமா. லீவில் வரும்போது துணிமணியோடு அந்த இடத்துச் சொற்களையும் கொண்டுவந்து கொட்டுவார். கரண்ட் போனால் எங்கள் வீட்டில் 'டவுன்டைம்'. சோறு வேகும்வரை தட்டோடு உட்கார்ந்திருப்பவர் 'ஸ்டாண்ட்பை'. அடுப்படியில் வேர்த்து நிற்கும் அம்மா, "ஏண்டி, என் ரிலீவர எங்க காணோம்?" என்று சித்தியைத் தேடுவாள்.

அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மாமா சிரிக்க மாட்டார். பெரிய கம்பெனியில் மாற்று ஆட்கள் இருப்பார்கள். சப்-கான்ட்ராக்டரிடம் ஒரு வேலைக்கு இரண்டே பேர். மாமா போய் நின்று வேலையைக் கைமாற்றி வாங்கினால்தான் அங்கிருக்கும் ஒடிசாக்காரர் ஊருக்குக் கிளம்பலாம். அவர் வந்தால்தான் மாமா இங்கே வரலாம். கேம்ப்பில் இருவருக்கும் ஒரே கட்டில். ஒருவர் விட்டுப்போன சோப்பை மற்றவர் தேய்த்து முடிப்பார். ஆனாலும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை.

அந்த முறை மாமா கிளம்ப வேண்டிய நேரத்தில் அத்தைக்கு நாள் நெருங்கிவிட்டது. ஒடிசாக்காரரின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடப்பதாகவும் போன் வந்திருந்தது. மாமா பையைக் கட்டினார். அம்மா அவிழ்த்தாள்.

"தலைப்பிரசவம்டா. நாலு நா பொறுத்தா ரிக்கு ஓடியா போயிரும்?"

"ரிக்கு ஓடாதுக்கா. அவன் வீட்டுக்குப் போகணும்ல."

"வயசானவுகளுக்கு ஒடம்பு அப்படி இப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கிருவான், சொல்லு."

மாமா அக்கா பேச்சைத் தட்டாதவர். தெரிந்த இந்தியில் சொன்னார். மறுமுனையில் சண்டை போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சரின்னுட்டான்க்கா," என்றார். சாப்பிட உட்கார்ந்தபோதும் அதையே சொன்னார். மாமா இன்னும் சில நாள் இருப்பார் என்று எனக்கோ கொண்டாட்டம்.

அதற்குத்தான் இப்போது ஆஸ்பத்திரியில் பதில் வந்திருந்தது. அம்மா டப்பாவை மூடினாள். பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்த பூந்தியைத் திரும்ப வாங்கவா முடியும்?

"இனிமே போயி என்னடா ஆகப்போகுது?" அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"கருமாதிக்காவது போகட்டும்க்கா."

அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறந்தது பெண் என்பதால்தான் மாமாவுக்கு முகம் இப்படி வாடிவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். பல வருஷம் அப்படியே நம்பிக்கொண்டும் இருந்தேன். முகம் தெரியாத ஒரு கிழவிக்காக ஒரு மனுஷன் தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூசுவான் என்று எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

மாமா தன் சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்த அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். மகளை அத்தையின் முதுகோரம் கிடத்தினார். வீட்டுக்குக்கூட வராமல், அப்படியே ரயிலடிக்கு நடந்தார்.