பின்லாந்துக்காரன் கை

"பேசாத. ரெண்டாவது வரி வரட்டும்" என்று மாஸ்டர் இடது கையை உயர்த்துகிறார். வலது கையில் யாரோ ஒருவரின் கீழ்த்தாடைப் பல் செட். கண்கள் மூடியிருக்கின்றன. பக்கத்து மேசையில் செல்போன் ஒரு ஆங்கிலப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறது. வாசிக்கிறவன் எந்த நாட்டுக்காரன் என்று அவர் சொல்ல வேண்டும். "கனடா" என்கிறார். "அதுவும் ஊருக்கு ஒதுக்குப்புறமா வளர்ந்தவன். டவுனுக்குள்ள இருக்கிறவன் இவ்வளவு இடம் விட்டு வாசிக்க மாட்டான்." பக்கத்து மேசைக்காரர் செல்போனை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆஸ்திரேலியா மாஸ்டர்" என்கிறார். மாஸ்டர் அசரவில்லை. "பொறந்தது அங்க இருக்கும். கிட்டார் சொல்லிக் குடுத்தவன் கனடாக்காரன். விசாரிச்சுப் பாரு." யார் போய் விசாரிப்பது? அடுத்த பாட்டு ஆரம்பமாகிவிடுகிறது.

பல் செட் செய்கிற பட்டறை அது. இரண்டாவது மாடியில் ஒரே நீள அறை. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் மெழுகு வைத்து, பல்லை வரிசையாகப் பதிப்பது பக்கத்து மேசைக்காரரின் வேலை. அதனால் அவருக்கு மெழுகுக்காரர் என்று பெயர். மெழுகு உருகிப் போய், அந்த இடத்தில் ஊற்றிய பிளாஸ்டிக் ரோஸ் நிற ஈறாக இறுகி வந்த பிறகு, பிசிறு தேய்த்து, வழுவழுப்பாக்கி, வாய்க்குள் போகிற தகுதியைக் கொடுப்பவர் நம் மாஸ்டர். பென்சில் மாதிரி ஒரு தேய்ப்பு மிஷின் கையில். அதை ஓட்டும் பெடல் காலுக்கடியில். மிதித்தால் விர்ரென்று சுற்றும், காலை எடுத்தால் நின்றுவிடும். நாள் பூராவும் நாடு நாடாகத் தரம் பிரித்துக்கொண்டிருப்பதால் பட்டறையில் அவருக்கு 'ஐ.நா.' என்று பட்டப்பெயர். அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

அவருடைய தராசே தனி. "எத்தனை பாட்டுக்காரன்னு எண்ணக் கூடாதுய்யா. ஜனத்தொகையால வகுக்கணும்" என்பார். அப்படி வகுத்தால் முதலில் அடிபடுவது அமெரிக்கா. "அது பெரிய குடும்பம். வீடு நிறைய பிள்ளை பெத்தா ஒண்ணு ரெண்டு உருப்படத்தான் செய்யும். இதுல என்ன பெருமை?" இங்கிலாந்துக்கு முதலிடம் கொடுப்பார், ஆனால் பாராட்டாக அல்ல. "எல்லாம் மழை பண்ற வேலை. வெளிய தலை காட்ட முடியாது. கிட்டாரைத் தூக்காம வேற என்ன பண்ணுவான்?" பாப் என்றால் ஸ்வீடன்தான், அங்கே செய்கிற பாட்டில் பிசிறே இருக்காதாம், தன் கையால் தேய்த்தது போல இருக்குமாம். ஜமைக்கா பேரைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும். "இத்தனூண்டு தீவு. உலகத்தையே தலையாட்ட வச்சிட்டான்." ஆஸ்திரேலியாவைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "கத்துறதுக்கு இடம் இருக்குன்னு கத்துறான்."

ஒரு பாட்டு அவருக்குப் பிடித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள அவர் வாயைப் பார்க்க வேண்டியதில்லை. பாட்டு நன்றாக இருந்தால் பெடல் மேல் இருக்கும் கால் தன்பாட்டுக்குத் தாளம் போடும். மிஷினும் கூடவே விர் விர்ரென்று விட்டுவிட்டு உறுமும். மெழுகுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு கமுக்கமாகச் சிரிப்பார். மாஸ்டருக்கு மட்டும் தன் கால் செய்வது தெரியாது.

"சரி, நம்ம நாடு எத்தனையாவது?" என்று மெழுகுக்காரர் சில நாள் வேண்டுமென்றே கிண்டுவார்.

"அந்தப் பேச்சை விடு. நம்ம ஆளுக்கு ராக் வராது. வராதுன்னா வராது. ரத்தத்துலயே இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் முகம் எந்தப் பாட்டைக் கேட்ட முகமாகவும் இருக்காது. கசப்பு மாத்திரை தொண்டையில் நின்றுபோன முகம். இளவட்டமாக இருந்தபோது அவரும் நண்பர்களோடு சேர்ந்து குழு வைத்திருந்தார். கிட்டார் அவர்தான். ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டி, ஒரே ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். பாதியிலேயே ஜனம் எழுந்து போக ஆரம்பித்தது. முன்வரிசையில் இருந்த சொந்தக்காரர்கள் மட்டும் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார்கள். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அந்த வாரமே கிட்டாரை விற்றுவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை, நாம் சரியாக வாசிக்கவில்லையோ என்று ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நாடு சரியில்லை, அவ்வளவுதான். தன் ஒருவனுடைய தோல்வியைத் தேசம் முழுக்கப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவள் அவர் பெற்ற மகள். அவள் டிரம்ஸ் வாசிக்கிறாள்.

எப்படிக் கற்றுக்கொண்டாள் என்பது அந்த வீட்டுச் சுவர்களுக்குத்தான் தெரியும். டிரம்ஸ் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டபோது, "வீட்டை இடிக்கவா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு தலையணைகளை அரைவட்டமாக அடுக்கி, அவற்றின் மேல் அடித்துப் பழகினாள். பஞ்சு பறந்தது. அம்மாக்காரி உறை மாற்றி உறை மாற்றித் தைத்துக் கொடுத்தாள். பிறகு சிநேகிதிகள் நாலு பேர் சேர்ந்து குழுவானார்கள். இப்போது ஒரு பெரிய குழு அவர்களைத் தன்னோடு ஊர் ஊராக வாசிக்க வரும்படி கூப்பிட்டிருக்கிறது. போனால் மாதக்கணக்கில் ஆகும். இன்சூரன்ஸ் ஆபீஸில் போன் எடுக்கிற வேலையை அவள் விட வேண்டும். மறுநாள் காலையில் பதில் சொல்லியாக வேண்டும்.

அம்மா போகச் சொல்லிவிட்டாள். "அம்மா சொன்னா ஆச்சா? நான் சாப்பாட்டுத் தட்டைத் தட்டினாலும் அம்மாவுக்குப் பிடிக்கும்" என்றாள் மகள். அவளுக்கு வேண்டியது அனுமதி அல்ல. சின்ன வயதிலிருந்து நாடு நாடாக நிறுத்துப் போட்ட அந்தக் காது, தன்னையும் ஒரு தடவை நிறுத்துப் பார்த்து, தேறும் என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால் தான் தேறவில்லை என்றே அவள் நம்புவாள், வேலையை விடமாட்டாள். முன்பு ஒருமுறை தங்கள் பாட்டை அவரிடம் போட்டுக் காட்டியிருக்கிறாள். "டிரம்ஸ் சரியில்ல" என்று உடனே எழுந்துவிட்டார். அப்போது டிரம்ஸ் ஆரம்பித்திருக்கவே இல்லை.

அதனால்தான் இந்த முறை மெழுகுக்காரரிடம் வந்தாள். "மாமா, யாரு பாட்டுன்னு சொல்லாம போட்டு விடுங்க. அவரு வாயால என்ன வருதுன்னு நான் கேக்கணும்" என்றாள். பாட்டு ஆங்கிலத்தில், பாடுவது அவள் சிநேகிதி. அன்று டீ நேரத்தில் மாஸ்டருக்குப் பின்பக்கம், அச்சு வார்க்கிற பிளாஸ்டர் மூட்டைகளை ஒட்டி, சத்தம் காட்டாமல் வந்து நின்றாள். மெழுகுக்காரர் ஒன்றும் அறியாதவர் போலச் செல்போனை எடுத்தார்.

"மாஸ்டர், இது எந்த நாடு?"

மாஸ்டர் கண்ணை மூடினார். வழக்கமாக இரண்டாவது வரியிலேயே தீர்ப்பு வந்துவிடும். இந்தத் தடவை வரவில்லை. பாட்டு பாதி தாண்டியது. மிஷின் விர் விர்ரென்று உறும ஆரம்பித்தது.

"பாடுறது பரவாயில்ல. அதை விடு" என்றார் மெதுவாக. "அந்த டிரம்ஸைக் கேட்டியா? பின்லாந்துய்யா இது. சத்தியமா பின்லாந்து. குளிர்ல கதவைச் சாத்திக்கிட்டு, வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்து பழகின கை. அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்குது பாரு. அவனுக்கு ஏதோ ஒரு வலி இருக்கு, வெளிய சொல்ல மாட்டேங்கிறான். இதெல்லாம் சொல்லிக் குடுத்து வராதுய்யா."

கண்ணைத் திறந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பல் தூசி என்று யாரும் நினைக்க முடியாது, கண்ணாடி போட்டிருந்தார்.

மெழுகுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "திரும்பிப் பாருங்க மாஸ்டர். பின்லாந்து அங்க நிக்குது."

மாஸ்டர் திரும்பினார். மகள் முகமெல்லாம் சிரிப்பாக, அழுகையை அடக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான்தாம்ப்பா."

அந்த மனிதர் நெஞ்சில் அப்போது என்னென்ன சரிந்து விழுந்ததோ. மகள் நன்றாக வாசிக்கிறாள் என்றால் ரத்தத்தில் குறையில்லை, மண்ணில் குறையில்லை. அன்றைக்கு மண்டபத்தில் ஜனம் எழுந்து போனதற்கு அப்புறம் யாரைக் குற்றம் சொல்வது? இத்தனை வருஷம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்த நாட்டை விடுதலை செய்துவிட்டு, அதே இடத்தில் தானே ஏறி நிற்க அவருக்குத் தைரியம் இல்லை. பெற்ற பெண்ணைவிட அந்தப் பழைய ரோஷம்தான் பெரிதாகப் போயிற்று.

"நடுவுல ஒரு இடத்துல தாளம் இழுக்குது" என்றார்.

"எந்த இடத்துலப்பா?"

"இழுக்குதுன்னு சொல்றேன்ல."

"மறுபடியும் போடச் சொல்றேன். காட்டுங்க, சரி பண்ணிக்கறேன்."

"சரி பண்றதுக்கு என்ன இருக்கு? இப்பல்லாம் மிஷின்தான் எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுக்குது. நீ எங்க வாசிச்ச? கம்ப்யூட்டர் வாசிச்சிருக்கு."

"மாஸ்டர்" என்றார் மெழுகுக்காரர்.

மகள் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தாள். உள்ளங்கையில் குச்சி உரசிக் காய்த்த தடிப்பு இருந்தது. அதைக் காட்டலாமா என்று நினைத்தது போல விரல்களை விரித்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"நான் பின்லாந்துல பொறந்திருக்கணும், இல்லப்பா?"

அவர் பல் செட்டை விளக்குக்கு நேரே பிடித்து, இல்லாத பிசிறைத் தேடினார்.

"சரி. நாளைக்கு அவங்ககிட்ட வரலைன்னு சொல்லிடறேன்" என்றாள். "வரேன் மாமா." கைப்பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தாள்.

மெழுகுக்காரர் செல்போனை நிறுத்தவில்லை. ஆத்திரத்தில் இன்னும் சத்தமாக வைத்து, மேசை நடுவில் தள்ளிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பாடுகிறவளின் குரல் வந்தது. பின்னாலேயே டிரம்ஸ் வந்தது. மாஸ்டர் குனிந்த தலை நிமிராமல் தேய்க்கப் போனார்.

விர். விர் விர். மிஷின் டிரம்ஸோடு சேர்ந்து உறுமியது. ஒரு அடி பிசகவில்லை.

இரண்டு படி இறங்கியிருந்த மகள் அந்தச் சத்தம் கேட்டு நின்றாள். சின்ன வயதிலிருந்து பட்டறைக்கு வந்து போகிறவள். அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேலே பார்த்தாள். மெழுகுக்காரரும் பார்த்தார். அப்போதுதான் மாஸ்டருக்குத் தன் கால் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று முதல் முறையாக உறைத்தது. படிக்கட்டில் மகள் நிற்பதையும் கண்டார்.

பெடலிலிருந்து காலை எடுத்து, ஸ்டூலின் குறுக்குக் கம்பியில் கொண்டுபோய் மாட்டிக்கொண்டார்.