ஆவாரங்குச்சி அம்புகள்

போன சனிக்கிழமை மலைக்குப் போனேன். என் கால்கள் இரண்டும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. நான் மட்டும் ஆம்பூருக்குத் திரும்பி வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் டீச்சர் மட்டுமல்ல, எங்கள் பள்ளிக்கூடத்தில் கைடு பெண்களுக்குக் காப்டனும்கூட. பையன்களுக்கு ஸ்கவுட் என்றால் பெண்களுக்குக் கைடு. அன்று வேலூரிலிருந்தும் சோளிங்கரிலிருந்தும் கைடுகள் வந்திருந்தார்கள். மலையடிவாரம் முழுக்க நீலத் தாவணி! கயிற்றில் முடிச்சுப் போட்டார்கள். கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். இரண்டு கொடிகளை அசைத்து எழுத்து எழுத்தாகத் தூரத்துக்குச் செய்தி அனுப்பினார்கள். அதற்கப்புறம்தான் மலையேற்றம்.

அதிலும் ஒரு விளையாட்டு உண்டு. முதல் கோஷ்டி முன்னால் போய், வழி நெடுக அம்புக்குறி வைத்துவிட்டு எங்காவது ஒளிந்துகொள்ளும். பின்னால் வரும் கோஷ்டி அம்புகளைப் பார்த்தே அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் கோஷ்டிக்குத் தலைவி ரத்தினம். பத்துப் பெண்களை ஒரு பார்வையில் வரிசையில் நிற்க வைப்பாள். அது எனக்கே வராத வித்தை.

பின்னால் வந்த கோஷ்டியில் நான், கொஞ்சம் பெண்கள், அப்புறம்... ஒரு கறுப்புக் குடை. குடைக்கு அடியில் ரத்தினத்தின் அப்பா முனிசாமி. தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை சப்ளை செய்யும் மண்டிக்காரர். பெண்ணைத் தனியாக மலைக்கு அனுப்புவாரா? தானே காவலுக்கு வந்துவிட்டார். காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லியும் விட்டார்.

"டீச்சரம்மா, வெளக்கு வெக்கறதுக்குள்ள பொண்ணு ஊட்டுல இருக்கணும். லேட்டாச்சுன்னு வச்சுக்கோங்க, கைடும் இல்ல, ஸ்கூலும் இல்ல. திமிரியில ஒரு நல்ல எடத்துல பொண்ணு கேட்டுக்கினு கீறாங்க."

ரத்தினத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் படிப்பு பாக்கி. டீச்சராக வேண்டும் என்று என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

சரி, ஏறினோம். முதல் அம்பு கிடைத்தது. மூன்று ஆவாரங்குச்சிகளை நாரால் கட்டி, மஞ்சள் பூவோடு பாதை நடுவில் வைத்திருந்தாள். என்ன அழகு! இரண்டாவது கிடைத்தது. மூன்றாவதும் கிடைத்தது.

அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

பாதை மூன்றாகப் பிரிந்தது. மூன்றிலும் தேடினோம். கூப்பிட்டுப் பார்த்தோம். வெயில் ஏறிக்கொண்டே போனது. ரத்தினம் காலையில் கட்டிக் கொடுத்த புளிச்சோறு முனிசாமியின் பையில் அப்படியே இருந்தது. "சாப்பிடுங்களேன்" என்றேன்.

"எம்பொண்ணு எங்கன்னு தெரியல, சோறு ஒரு கேடா? மலைக்கு இட்டுக்கினு வந்து தொலைச்சிட்டீங்களேம்மா!"

அவர் குரல் உயர உயர, கண் மூன்று பாதைகளிலும் மாறி மாறி ஓடியது. அப்பாக்களின் கோபத்தில் முக்கால்வாசி பயம்தான். ஆனால், அது தெரிந்து என்ன பிரயோஜனம்? எனக்கும் அதே பயம்தானே!

அப்போது மேலேயிருந்து தலைச்சுமையோடு நாலு பெண்கள் இறங்கி வந்தார்கள். ஆவாரங்கட்டுகள். ஒரு கட்டின் உச்சியில்... நாரால் கட்டிய அம்புகள், பூவோடு!

"இது ஏதும்மா உங்களுக்கு?" என்றேன்.

"வழியில கெடந்துச்சு டீச்சரம்மா. வெட்டி, கட்டி, ரெடியா கெடந்துச்சு. எந்தப் புண்ணியவதியோ நமக்குன்னே வச்சிட்டுப் போயிருக்கான்னு எடுத்துக்கினோம்."

"பாதையில கெடந்தா எடுத்துடறதா? இன்னா அநியாயம் இது!" என்று பாய்ந்தார் முனிசாமி.

அந்தம்மாள் சுமையைக் கொஞ்சம் சாய்த்து, குடைக்குள் யார் என்று பார்த்தாள். "அட, மொதலாளி! ஷாப்புல ஆர்டர் ஜாஸ்தி, பட்டை கம்மி, கண்ல படற ஆவாரம் ஒண்ணு உடாதீங்கன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

முனிசாமி குடையைத் தாழ்த்திக்கொண்டார். என் பெண்கள் சிரிப்பை அடக்கத் தாவணியைக் கடித்தார்கள். ஆம்பூரில் இருந்துகொண்டு, ஆவாரங்குச்சியைப் பாதையில் போட்டால் அது அங்கேயே கிடக்கும் என்று நம்பினோமே, எங்களை என்ன சொல்ல?

அந்த நேரத்தில் மேலே ஒரு விசில் கேட்டது. அண்ணாந்து பார்த்தோம். தூரத்துப் பாறை மேல் ரத்தினம்! ஆள் வரக் காணோம் என்றதும், ஒளிந்திருந்த இடத்தை விட்டு உயரமான பாறையாகப் பார்த்து ஏறியிருக்கிறாள். கையில் இரண்டு கொடிகள்.

"இன்னாம்மா சொல்லுது? அடிகிடி பட்டுச்சா?"

நான் எழுத்து எழுத்தாகப் படித்தேன். எல்லோரும் சௌக்கியம் என்று இங்கிலீஷில் ஒரு வரி. கொஞ்சம் நிறுத்தினாள். மறுபடி கொடி அசைந்தது. ஏ... பி... பி... ஏ...

"அப்பான்னு சொல்றா" என்றேன்.

"அப்பாவா? அப்பான்னா? அப்புறம்?"

"அப்பா சாப்ட்டாரான்னு கேக்கறா."

முனிசாமி குடையை மடக்கினார். இரண்டு கையாலும் பிடித்து, இடமும் வலமும், மேலும் கீழுமாக வீசினார் பாருங்கள்... அப்படி ஒரு வீச்சு! கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட நிறுத்தவில்லை.

அந்தப் பாறையையே அடையாளமாக வைத்து ஏறிப் போய்ச் சேர்ந்தோம். சாப்பிட்டு, இறங்கி, ஜட்கா பிடிப்பதற்குள் சூரியன் போய்விட்டது. வண்டியில் ரத்தினம் கேட்டாள், "ஏம்பா, குடையால இன்னா எழுதுனீங்க? ஒரு எழுத்துகூடப் புரியல."

"சாப்ட்டேன்னு சொன்னேன்" என்றார். பச்சைப் பொய்!

ரத்தினம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவுக்குள் ஜட்கா நுழைந்தபோது ஒரு வீடு பாக்கியில்லாமல் விளக்கு எரிந்தது. முனிசாமி வீட்டு மாடத்திலும்தான். சின்னதாக, அசையாமல், நன்றாகவே எரிந்தது.

அவர் இறங்கினார். விளக்கைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். அவள் தலை குனிந்து நின்றாள். நான் வண்டிக்குள்ளேயே உறைந்து உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே திரும்பி மனைவியை அதட்டினார். "இன்னாடி, இன்னிக்கு இவ்ளோ சீக்கிரமா வெளக்கு வச்சிட்ட?"

திட்டு வாங்கிய அம்மாள் வாசலுக்கு வந்து, மகளைப் பார்த்து, என்னைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்தார்.

திமிரிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்!