மாடு மிதித்த காலின் தடம்

பரமசிவம் சாரின் கால் பெடலில் சிக்கவில்லை. கால் சிக்கி விழுந்து இறந்தார் என்று நம் ஊர் சைக்கிள் குழு இரங்கல் அட்டையில் அச்சடித்தது பொய். ஒருவரும் விசாரிக்காமல் அதையும், அவர் சைக்கிளோடு விழுந்து கிடக்கும் படத்தையும் செல்போனில் ஊருக்கெல்லாம் அனுப்பினீர்கள். மூன்று வாரமாக ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

செய்தி வந்த காலையில் பாளையம்பட்டியில் என் சைக்கிள் கடையில் ஒரு பின்சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன். டவுன் பஸ் நடத்துநர் படியில் நின்றபடியே, "அண்ணாச்சி, ஆட்டு டாக்டர் திருச்சுழி ரோட்டுல கெடக்காராம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் சைக்கிள் மட்டும் கிடந்தது.

அவர் டாக்டர் இல்லை. நரிக்குடிப் பக்கம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்டுக்காரர்கள் வைத்த பெயர் அது. ஓய்வுக்குப் பிறகும் தினமும் விடிந்ததும் சைக்கிளில் கிளம்பி, கண்மாய்க் கரைகளில் மேயும் ஆடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு அட்டைப் பெட்டியோடு கடைக்கு வந்தார். உள்ளே கிளிப் பெடல். ஷூவின் அடியில் கிளீட் என்னும் சின்ன இரும்புத் துண்டைத் திருக வேண்டும். மிதித்தால் பெடலின் ஸ்பிரிங் அதைக் கவ்விக்கொள்ளும். குதிகாலை வெளியே திருப்பினால் விட்டுவிடும். நான் எட்டாவதோடு நின்றவன். பெட்டிக்குள் இருந்த படத்தைப் பார்த்தே மாட்டினேன். கிளீட்டை ஷூவுக்கு நேர்கோட்டில் வைத்தேன். இரண்டு நாளில் முழங்கால் வலி என்று திரும்பி வந்தார். மேசையில் உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடச் சொன்னேன். இடது பாதம் தானாக வெளிப்பக்கம் பார்த்தது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மாடு மிதித்த காலாம். "அது எங்க பாக்குதோ அங்கயே பாக்கட்டும் அண்ணாச்சி. நீங்க இரும்பத் திருப்புங்க, காலத் திருப்பாதீங்க" என்றார். பென்சிலால் குறித்து, இடது கிளீட்டைச் சாய்த்து முடுக்கினேன். அதன் பிறகு வலி என்று அவர் சொன்னதில்லை.

இப்போது நான் மறைத்து வைத்த ஒன்று. அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முன்தினம் சைக்கிளைத் துடைத்துத் தரச் சொல்லிக் கடையில் விட்டிருந்தார். ஸ்பேனர், பம்ப், உளி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு அவருடைய பெடலுக்கும் வைத்தேன். நடுவில், ஸ்பிரிங் மேலேயே, தாராளமாக. ராத்திரியில் அது காய்ந்து சிமெண்டாகிவிட்டது. மறுநாள் பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்பில் அவர் நிறுத்தப் பார்த்தபோது கால் கழலவில்லை. நின்ற வாக்கிலேயே வாழைமரம் போலச் சாய்ந்தார். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் பார்த்தது. வயசான காலத்தில் இது எதற்கு என்று சிரித்தது. "புதுசு, இன்னும் பழகல" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என் கடைக்கு வந்தார். முழங்கை உரிந்திருந்தது. பெடலைத் திருப்பிக் காட்டி மெதுவாகச் சொன்னார்: "சாமிக்கு வச்சதை நான் மிதிச்சுட்டேன், அது என்னயத் தள்ளிருச்சு. வெளிய சொல்லாதீங்க, உங்க கடைக்கு ஆள் வராது."

நான் சொல்லவில்லை. ஆறு வருடம் சொல்லவில்லை. அன்று பார்த்தவர்கள்தான் இன்று, அன்றைக்கே தெரியும், அந்தப் பெடல்தான் அவரைக் கொன்றது என்கிறார்கள்.

அதன் பிறகு அவர் பராமரித்ததுபோல நான்கூடப் பராமரித்ததில்லை. மழை பெய்தால் கரிசல் மண் கிளீட்டில் அப்பிக்கொள்ளும். குச்சியால் நோண்டி எடுத்த பிறகே ஏறுவார். எண்ணெய் தடவினால் புழுதி ஒட்டும் என்று மெழுகு மட்டும் தேய்ப்பார். ஞாயிறுதோறும் எல் கீ என்னும் வளைந்த சாவியால் கிளீட்டின் திருகாணிகளை முடுக்குவார். அவை தளர்ந்தால் கிளீட் ஷூவோடு சேர்ந்து திரும்பாது, கால் கழலாது என்று அவருக்குத் தெரியும்.

சம்பவத்தன்று நடந்தது இதுதான். பாலத்துக்கு எதிரே வேம்படியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பொன்னுத்தாயி பார்த்திருக்கிறார். அவரிடம் போன் இல்லை, யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. நான் கேட்டேன். "நெஞ்சத் தடவிக்கிட்டே இறங்குனாக. சைக்கிள சுவத்துல சாத்துனாக. எங்கிட்ட நடந்து வந்து தண்ணி வாங்கிக் குடிச்சாக. குட்டிக்குக் கழிச்சல் நின்னுருச்சானு கேட்டாக. திரும்பிப் போயி சுவத்துல சாஞ்சவுகதான், அப்புறம் எந்திரிக்கல. நான் பஸ்ஸ மறிக்க ஓடுனேன். லாரி போன காத்துலதான் சைக்கிளு சரிஞ்சு அவுக பக்கத்துல விழுந்துச்சு." அதற்குப் பிறகு வந்தவர்கள் எடுத்த படம்தான் நீங்கள் அனுப்பிய படம்.

புழுதியில் அவருடைய தடம் அப்போதும் இருந்தது. பாலத்திலிருந்து வேம்புக்கும், வேம்பிலிருந்து பாலத்துக்கும். ஒவ்வொரு அடியிலும் கிளீட்டின் பதிவு. இடது தடமெல்லாம் வெளிப்பக்கம் பார்த்தது. பென்சிலால் நான் குறித்த அதே சாய்வு. படம் எடுக்கத் தோன்றவில்லை. சாயங்காலத்துக்குள் ஆடுகள் மிதித்துவிட்டன.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அவர் மனைவி மரகதம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவுக காலு வராம கெடந்து தவிச்சாகளாண்ணே?" இல்லையம்மா, நடந்து போய்த் தண்ணீர் குடித்தார் என்றேன். தலையசைத்தார். நம்பவில்லை. அச்சடித்த அட்டை அவர் மடியில் இருந்தது. அவர் தூங்குவதில்லை என்று மகன் சொன்னான்.

எனவே, சைக்கிள் குழுச் செயலாளர் அந்த அட்டையைத் திருத்தி அச்சடித்து, தானே கொண்டுபோய் அந்தம்மா கையில் கொடுக்க வேண்டும். படத்தை அனுப்பியவர்கள், அனுப்பிய இடத்துக்கெல்லாம் இந்த எழுத்தை அனுப்ப வேண்டும். மகன், பழைய இரும்புக்குப் போட எடுத்து வைத்திருக்கும் பெடலை ஒருமுறை கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் எவ்வளவு லேசாக விடுகிறது என்று தெரியும். பொன்னுத்தாயி ஒரு நாள் ஆட்டைப் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டு என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வாயால் மரகதம் கேட்க வேண்டும். நான் பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்பில் நின்று, சந்தனம் வைத்தது நான்தான் என்று சொல்ல வேண்டும். கடைக்கு ஆள் வராவிட்டால் வர வேண்டாம்.

தேய்ந்துவிட்டதென்று போன மாதம் அவர் கழற்றிப் போட்ட இடது கிளீட் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

மரகதம் செய்ய வேண்டியது ஒன்றுதான். தூங்க வேண்டும்.