றீற்றா பார்த்த கடலடி

தேற்றாத்தீவு செசீலியா வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பித்தாள். கடலட்டைதான் அவளுடைய ஆராய்ச்சி. யுத்தம் கடலில் இறங்க விடவில்லை. 2007இல் ஒரு வெளிநாட்டுக் கப்பல் இந்து சமுத்திரத்தின் நடு ஆழத்தில் கெமரா பூட்டிய இயந்திரத்தை இறக்கி, படங்களைச் செய்மதி வழியாக அனுப்பத் தொடங்கியது. கரையிலிருந்தே அதைப் பார்த்து, எதை நெருங்கிப் படமெடுக்க வேண்டும் என்று எழுதியனுப்பும் ஆய்வாளர்களில் அவளும் ஒருத்தி.

தம்பி சிறில் கடலில் மூழ்கி அட்டை எடுக்கும் சுழியோடி. கடற்படை அனுமதித்த எல்லைக்குள் அட்டை தீர்ந்துபோயிருந்தது. ஒருநாள் விடியற்காலை படகில் எல்லையைத் தாண்டிப் போனான், திரும்பவில்லை. தேடிப்போகப் படகுகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. செசீலியா ஆய்வுக் கப்பலுக்கு எழுதினாள். தாங்கள் வெகு தொலைவில் நிற்பதாகவும், அந்தப் பக்கம் போகும் கப்பல்களுக்கு அறிவிப்பதாகவும் பதில் வந்தது.

நான்காம் நாள், கடலடிப் படத்துக்குக் கீழே ஒரு வரி வந்தது. சரக்குக் கப்பலொன்று கவிழ்ந்த படகொன்றைக் கண்டதாம். ஆட்கள் இல்லை. படகில் எழுதியிருந்த பெயர் றீற்றா. அது அவர்களுடைய அம்மாவின் பெயர்.

அம்மா அழவில்லை. அடுத்த கிழமை, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, மகளோடு பல்கலைக்கழகத்துக்கு வந்தாள்.

"கடலுக்கு அடி தெரியுமெண்டு சொன்னாய். எனக்குக் காட்டு மனே."

"அது நம்மட பக்கமில்லம்மா. கனதூரம்."

"தண்ணி ஒண்டுதானே."

செசீலியா கதிரையை இழுத்துப் போட்டாள். படங்கள் மெல்ல மெல்ல விரிந்தன. சாம்பல் நிறச் சேறு. அதில் கண்ணாடி போன்ற அட்டையொன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அம்மா திரையோடு முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"இந்த வெளிச்சம் எங்கால வருது?"

"மெசினில பூட்டின லைட்டம்மா."

"மெசின் போனா?"

"இருட்டுத்தான்."

அம்மா திரையிலிருந்து முகத்தை எடுத்தாள். பிறகு, "அவன் சின்னனில விளக்க நூத்து இருட்டாக்கினா படுக்கமாட்டான்" என்றாள்.

இயந்திரத்தை மேலே இழுக்கும் நேரமாகியிருந்தது. இன்னும் சிறிது நேரம் அங்கேயே நிறுத்தி வைக்கும்படி செசீலியா எழுதினாள். என்ன கண்டீர்கள் என்று கப்பலிலிருந்து கேட்டார்கள். அட்டையைக் கவனிக்க வேண்டும் என்று பதில் எழுதினாள்.

அவர்கள் நிறுத்தினார்கள். அட்டை படத்தைவிட்டு நகர்ந்துபோனது. வெறும் சேற்றை அம்மா பார்த்துக்கொண்டேயிருந்தாள்.