நாலு மணிப் பஞ்சு

1. பல்ஸ் இல்லை

"அண்ணே, பெட்டிக்குப் பல்ஸ் இல்ல" என்றாள் ராஜி போனில்.

அவள் நர்ஸ். கம்ப்யூட்டர் நின்றுபோனால்கூட அப்படித்தான் சொல்வாள். முதல் தடவை "காய்ச்சல் மாதிரி இருக்கு" என்றாள். இரண்டாவது தடவை "மயங்கி மயங்கி விழுது" என்றாள். இது மூன்றாவது. இரண்டு மாதத்துக்குள் ஒரே பெட்டி மூன்றாவது முறையாகக் கடைக்கு வருகிறது என்றால், செத்தது பெட்டி மட்டுமல்ல, செய்தவன் மானமும்தான்.

ராஜபாளையத்தில் இருபத்தைந்து வருடமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். ஆரம்பத்தில் பீரோவுக்குத் தம்பி மாதிரி இருந்த டவர் கேபினட்டுகள். இப்போது செருப்பு டப்பா அளவு. நான் பெருக்கப் பெருக்க என் பெட்டிகள் சிறுத்துக்கொண்டே வந்தன. சில வருடங்களாக ஹாலில் டிவி பக்கத்தில் வைக்கிற சின்ன கேமிங் பெட்டிகளுக்குத்தான் ஆர்டர் அதிகம். பெரிய கிராபிக்ஸ் கார்டை ஒரு சின்னப் பெட்டிக்குள் திணித்து, சத்தம் வராமல், சூடு ஏறாமல், ஹாலின் லட்சணம் கெடாமல் செய்ய வேண்டும். வீட்டுக்கு வருகிற சம்பந்தி அதைப் பார்த்து "இது என்ன, செட்டாப் பாக்ஸா?" என்று கேட்டால் வேலை சுத்தம் என்று அர்த்தம்.

ராஜியின் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. முதல் தடவை, சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட்டை மாற்றி "இனிமே வராது" என்றேன். இரண்டாம் தடவை கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில் இருந்த பெட்டியை டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, "இனிமே வரவே வராது" என்றேன். வந்தது.

2. காரணம் என்ற கட்டம்

மூன்றாம் தடவை திருகு திருகாகப் பிரித்தேன். சூட்டை ஆற்றுகிற ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் வெள்ளையாக, மெத்தென்று, கம்பளித் துணி மாதிரி ஒரு படலம். சாதாரண வீட்டுத் தூசி சாம்பல் நிறத்தில் இருக்கும், தொட்டால் உதிரும். இது உதிரவில்லை, உரித்து எடுக்க வந்தது. சுருட்டிப் பார்த்தேன். ஒரு குத்துவிளக்குக்கு ஐந்து முகத்துக்கும் திரி போடலாம்.

ராஜிக்குப் போன் போட்டு, "வீட்டுல யாராவது மில்லுக்குப் போறாங்களா?" என்று கேட்டேன்.

"அப்பா போறாக. ப்ளோ ரூம். ஏண்ணே?"

நூற்பு மில்லில் ப்ளோ ரூம் என்பது பேல் கட்டைப் பிரித்துப் பஞ்சை உதறுகிற இடம். அங்கே வேலை பார்க்கிறவர் வெளியே வரும்போது புருவம்கூட நரைத்திருக்கும். ராஜியின் அப்பா சுப்பையா ராஜபாளையம் மில்லில் முதல் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வருவார். வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிடுவார். மகள் லாரி ஓட்டுகிற கேம் ஆடுவாள். இவர் பக்கத்தில் இருந்து வழி சொல்வார். அவர் முழங்கைக்கு அருகே, ஒரு சாண் தூரத்தில், என் பெட்டிக்குள் காற்றை இழுக்கிற இன்டேக் ஃபேன்.

மர்மம் துலங்கிய சந்தோஷத்தில் ஜாப் கார்டை எடுத்தேன். அதில் "பழுதுக்குக் காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. மற்ற கடைக்காரர்கள் "டஸ்ட்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். எனக்கு நாலு புத்தகம் படித்த கொழுப்பு. எதையும் சுருக்கமாகவும் சுவையாகவும் எழுத வேண்டும் என்று ஓர் அரிப்பு. அந்தக் கட்டத்தில் ஒரே சொல் எழுதினேன்.

"அப்பா."

எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்தும் கொண்டேன். கார்டைப் பெட்டியின் மேல் டேப் போட்டு ஒட்டி வைத்தேன்.

மறுநாள் எனக்குச் சிவகாசியில் கேமரா மாட்டுகிற வேலை. ஷிப்ட் முடிந்து போகிற வழியில் சுப்பையா அண்ணனே கடைக்கு வந்து பெட்டியை வாங்கிப் போயிருக்கிறார். எடுத்துக் கொடுத்தது என் மனைவி. "கார்டை நின்னு படிச்சார். மடிச்சுச் சட்டப் பையில வச்சுக்கிட்டுப் போனார்" என்றாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். எழுதுகிறவனுக்கு இந்த வியாதி எப்போதும் உண்டு.

3. மிஷின் நல்லா ஓடுது

பத்து நாள் கழித்து ராஜி கடைக்கு வந்தாள். கையில் பெட்டி இல்லை. முகத்தில் வார்டில் சத்தம் போடுகிற பார்வையாளர்களைப் பார்க்கிற கண்டிப்பு.

"என்னம்மா, மறுபடியுமா?"

"மிஷின் நல்லா ஓடுது. எங்கப்பாதான் ஓடல."

கார்டை மேஜையில் வைத்தாள். நான்காக மடித்து, வேர்வையில் நைந்திருந்தது.

"இது நீங்க எழுதுனதுதான?"

"வெளையாட்டுக்கு எழுதுனேன்மா."

"அந்த வெளையாட்டுதான் இப்ப இல்லாமப் போச்சு."

உட்காரச் சொன்னேன். உட்காராமலே சொன்னாள். அவளுக்கு ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அப்பா இறங்குவது நாலு மணிக்கு. ஒருவர் வருகிற ரோட்டில் மற்றவர் போக வேண்டிய குடும்பம். நடுவில் ஒரு மணி நேரம்தான் இரண்டு பேருக்கும் பொது. அதற்காகத்தான் பெட்டியைப் படுக்கை அறையில் வைக்காமல் ஹாலில் வைத்தாள். அதற்காகத்தான் அவர் குளிக்காமல் உட்கார்ந்தார்.

"அவிய தலையில இருக்க பஞ்சப் போக்கி, குளிச்சு வர முக்கா மணி ஆவும். இப்ப தெனமும் கொல்லப் பக்கமா வந்து, குளிச்சு, வேற சட்ட போட்டு வாராக. நான் அப்பம் செருப்பு மாட்டிக்கிட்டு இருப்பேன். 'போயிட்டு வா'ம்பாக. அம்புட்டுதான் பேச்சு."

"நீ சொல்லலாமேம்மா, பரவால்லன்னு?"

"சொன்னேன். 'மிஷின் கெட்டுப் போவும் தாயி'ங்காக." மணியைப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு கவர்மெண்ட் ஆர்டர் வந்துருச்சுண்ணே. தர்மபுரிப் பக்கம். ஒண்ணாந் தேதி ஜாயின் பண்ணணும். இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கு."

பிறகு என்னைப் பார்த்து, "என்ன செய்வீகளோ தெரியாது. நீங்கதான் கெடுத்தீக. நீங்கதான் சரி பண்ணணும்" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனாள்.

வாரண்டி கார்டில் இப்படி ஒரு பழுதுக்கு இடமில்லை.

4. இழுக்கிற பக்கம்

மறுநாள் நாலு மணிக்கு ஸ்குரூ டிரைவர் பையோடு அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன். ராஜியின் அம்மா கதவைத் திறந்தார்.

"வாங்க. எழுத்தாளர் வந்துருக்காரு ராஜி!"

அந்தப் பட்டத்துக்காக நான் வாலிபத்தில் எவ்வளவு ஏங்கினேன்! கிடைத்த நேரத்தில் தலை நிமிரவில்லை.

சுப்பையா அண்ணன் கொல்லைப்புறத்தில் வாளிக்கு முன்னால் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். தலை, மீசை, காது மடல் எல்லாம் வெள்ளை. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, நான் எழுதுனது தப்பு."

"விடுங்க தம்பி. சரியாத்தான எழுதியிருக்கிய. பஞ்சு என்னுதுதான."

"கேலிக்கு எழுதுனேன்."

"இருக்கட்டும்." வாளித் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: "முப்பத்திரண்டு வருசமா இப்படியேதான் வீட்டுக்குள்ள வாரேன். வீட்டுல ஒருத்தரும் ஒரு வார்த்த சொன்னதில்ல. அந்தக் கார்டப் படிக்கவும்தான் நெனச்சேன். எல்லாருக்கும் மனசுல இருந்திருக்கும், சொல்ல மாட்டாம இருந்திருக்காகன்னு."

நாலு புத்தகத்தை விட்டுவிட்டுத் தெரிந்த தொழிலுக்குத் திரும்பினேன்.

"ஒரு நிமிசம் உள்ள வாங்க. ஒண்ணு காட்டணும்."

"இந்தத் துணியோடயா?"

"இந்தத் துணியோடதான்."

தயங்கித் தயங்கி வந்து நிலைப்படியில் நின்றார். நான் டிவி ஸ்டாண்டின் முன் குத்த வைத்து, பெட்டியைச் சுட்டிக் காட்டினேன். "காத்த இழுக்குறது இந்தப் பக்கம். வெளிய தள்ளுறது அந்தப் பக்கம்."

அவர் வாழ்நாள் முழுக்கக் காற்றை இழுக்கிற மிஷினோடு வேலை பார்த்தவர். இரண்டு எட்டில் உள்ளே வந்து குனிந்து பார்த்தார். முகம் மாறியது. வீட்டுக்காரர் போய் மேஸ்திரி வந்தார்.

"ஏன் தம்பி, இழுக்குத பக்கத்த ஆள் உக்காருத பக்கமா வச்சிய? எங்க டிபார்ட்மென்டுல இப்படி வச்சா தொலச்சுருவாக."

"அந்தப் பக்கம்தான் லைட் எரியும். பாக்க நல்லாருக்கும்னு..."

"அழகுக்கா?"

"அழகுக்குத்தான்."

"அழகுக்கு வச்சுட்டு என் பேர எழுதியிருக்கீரு!"

சிரித்தார். மரியாதைக்குச் சொன்ன 'இருக்கிய' போய் உரிமையான 'இருக்கீரு' வந்ததில் எனக்கு உயிர் வந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற ராஜியும் சிரித்தாள். நான் பையிலிருந்து புது ஜாப் கார்டை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் "இன்டேக் வைத்த பக்கம் தவறு. வைத்தவன் நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "இப்பம் சரி" என்றார்.

ஆனால் கார்டு எழுதினால் பஞ்சு நிற்காது. பெட்டியைத் திருப்பி வைத்தோம். இன்டேக் சுவரை ஒட்டிக்கொண்டது. பதினைந்து நிமிடத்தில் சூடு தொண்ணூறு டிகிரியைத் தொட்டது. பழையபடி வைத்து, கொண்டுபோயிருந்த நைலான் ஃபில்டரை மாட்டினேன். வலைக் கண் மிக நெருக்கம்; ஃபேன் மூச்சு முட்டி அலறியது. பெட்டியைச் சின்னதாகச் செய்ததில் எனக்கு எவ்வளவு பெருமையோ அவ்வளவு தொந்தரவு: எதற்கும் உள்ளே இடமில்லை.

"கண்ணு பெருசா இருக்கணும். பஞ்சு நீளமா வரும், பெரிய கண்ணுலயே மாட்டிக்கிடும்" என்றார் சுப்பையா அண்ணன்.

ராஜி உள்ளே போய் ஒரு சுருள் பேண்டேஜ் துணியோடு வந்தாள். பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்கிற அதே காயக்கட்டுத் துணி. அளந்து வெட்டி, இரண்டு மடிப்பாகப் போட்டு, நான்கு ஓரமும் பிளாஸ்திரி ஒட்டினாள். எண்பத்தெட்டு டிகிரி. ஒரு மடிப்பை உருவினாள். எழுபத்தாறு. நின்றது.

"டிரெஸ்ஸிங் தெனமும் மாத்தணும்" என்றாள் பெட்டியைப் பார்த்து.

"நீ பஸ்ஸப் பிடி. நான் மாத்திக்கிடுதேன்" என்றார் அப்பா. பிறகு தரையில் உட்கார்ந்தார், அந்தத் துணியோடேயே. மணி நாலே முக்கால். பதினைந்து நிமிடம்தான் மிச்சம். ராஜி கண்ட்ரோலரை எடுத்தாள். திரையில் ஏதோ வெளிநாட்டு மலை ரோடு.

"பிரேக்க மிதி தாயி, கிருஷ்ணன்கோவில் விலக்கு மாதிரி திருப்பம் வருது."

"தெரியுதுப்பா."

"தெரிஞ்சா ஏன் இப்படி வெரட்டுத? லோடு என்ன லோடு?"

"தக்காளி."

"தக்காளியா! மெல்லப் போ, சட்னியாப் போயிரும்."

ராஜியின் அம்மா எனக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே, "தெனமும் லோடு ஏத்துதாக, எறக்குதாக. வீட்டுக்கு ஒரு தக்காளி வந்ததில்ல" என்றார். நான் சூட்டைக் கவனிக்கிற சாக்கில் நின்றுகொண்டிருந்தேன். சுப்பையா அண்ணன் தலையைச் சாய்த்து, "தம்பி, கொஞ்சம் தள்ளுங்க. ரோடு மறைக்குது" என்றார்.

தள்ளி நின்றேன். என்னைத் தள்ளச் சொன்னதில் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

5. பாதி வழி

ராஜி ஒண்ணாந் தேதி தர்மபுரியில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்று வாரம் கழித்து, ஷிப்ட் முடிந்த கையோடு சுப்பையா அண்ணன் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பெட்டி எப்படி இருக்குண்ணே?"

"சும்மாதான் கெடக்கு. நான் தொடுததில்ல. எனக்கு வழி சொல்லத்தான் தெரியும், ஓட்டத் தெரியாது." மீசையைத் தடவினார். "ஒரு சங்கதி கேக்கணும். அவ போற அன்னைக்கு லோடு எறக்கி முடியல. பஸ்ஸுக்கு நேரமாயிட்டு. லாரிய ஒரு பெட்ரோல் பங்குல ஓரங்கட்டிட்டுப் போயிருக்கா. பொங்கலுக்கு வந்து எடுத்துக்கிடுதேன்னா."

"சரிண்ணே."

"அதுவரைக்கும் அந்த லாரி அங்கனயே நிக்கும்லா? கரண்டு போனா, பெட்டியில எதாச்சும் ஆனா, அது இல்லாமப் போயிருமா?"

தொழில் முறைப்படி சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். எந்த டிஸ்க்கும் என்றைக்கும் போகலாம். டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல. பில்லின் பின்பக்கம் அப்படித்தான் அச்சடித்து வைத்திருக்கிறேன்.

"ஒண்ணும் ஆகாதுண்ணே. நிக்கும்" என்றேன்.

அவர் போன பிறகு பயம் வந்தது. அன்று ஐந்தரை மணிக்கே கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். "சும்மா சர்வீஸ்" என்று சொல்லி அந்தப் பெட்டியைத் திறந்து, ராஜி சேவ் செய்த பைலைத் தேடி எடுத்து, மூன்று இடத்தில் காப்பி எடுத்தேன். ஒன்று பென் டிரைவில், ஒன்று கடை சிஸ்டத்தில், ஒன்று எனக்கே நம்பிக்கை வருவதற்காக இன்னொரு பென் டிரைவில்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஹாலில் வைக்கிற பெட்டி என்றால், அளவெடுக்கப் போகும்போது டிவியை அளப்பதற்கு முன்னால், அதன் முன் யார் எங்கே உட்காருவார்கள், எந்த வேலையிலிருந்து வந்து உட்காருவார்கள் என்று கேளுங்கள். ஆளை நகரச் சொல்லாதீர்கள், ஃபேனை நகர்த்துங்கள். பழுதுக்குக் காரணம் எழுதும்போது, அதைப் படிக்கப் போகிறவரின் முகத்தை ஒரு தடவை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பொங்கலுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கடை சிஸ்டத்திலும் அந்த கேமை ஏற்றி வைத்து, ராஜியின் பைலை நேற்றும் ஒரு தடவை திறந்து பார்த்தேன். பெயர் தெரியாத ஊரில், பெட்ரோல் பங்கு ஓரமாக, தக்காளி லோடோடு லாரி பத்திரமாக நிற்கிறது.