ஏழாவது பாட்டில் ஒரு காகம்

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைப் பக்கத்தில், பாண் விற்கிற ஓட்டோக்கள் எல்லாம் கூரையில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஒரே மெட்டைத்தான் போடும். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூட அதைக் கேட்டால் பணிஸுக்குக் கை நீட்டும். காலிதீன் அந்த மெட்டோடு குடும்பம் நடத்திய மனிதர். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு சாய்ந்தமருது பேக்கரியில் பாண் ஏற்றிக்கொண்டு காரைதீவு, சம்மாந்துறை, வீரமுனை என்று போவார். பின்னேரம் கல்முனைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வருவார்.

வண்டி ஓட்டும்போது தான் மட்டும் கேட்க அவரிடம் ஒரு சின்ன ஸ்பீக்கரும் இருந்தது. இஸ்லாமிய கீதங்கள் கொஞ்சம் ஏற்றித் தரும்படி, இஹ்ஸானின் போன் கடையில் தன் சிவப்புப் பென்டிரைவைக் கொடுத்திருந்தார். இஹ்ஸான் மறுநாள் ஒரு சிவப்புப் பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்தான். ஆனால் அது வேறு யாருடையதோ.

காலையில் அதைச் செருகியதும் முதலில் ஒற்றைச் சுரம் ஒன்று தண்ணீர் சொட்டுகிறது போலக் கேட்டது. அதன் அடியில் இன்னொன்று உறுமியது. பிறகு டப், டப் என்று தாளம். வண்டியின் பெல்ட்தான் அறுகிறது என்று எண்ணி, காலிதீன் ஓரம்கட்டி இறங்கி எஞ்சினைப் பார்த்தார். எஞ்சின் சுகமாக இருந்தது. திரும்ப வந்து உட்காரும்போது ஒரு ஆண் குரல் இங்கிலீஸில் பாடத் தொடங்கியிருந்தது. அழவேண்டிய விசயத்தை அழாமல் சொல்கிறவனின் குரல்.

பென்டிரைவைத் திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தார். நாளைக்குக் கொடுப்போம் என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். அந்தக் கிழமை முடிவதற்குள் பத்துப் பாட்டும் அவருக்குள் குடியேறிவிட்டன. ஒரு சொல்லும் விளங்கவில்லை. அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

"மெசின் களைக்காது, பாடுறவன் களைச்சுப் போறான். விசயமே அதுதான்," என்று மனைவி பஸ்மினாவுக்கு விளக்கினார்.

பஸ்மினா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "நம்மட பழைய பிரிட்ஜ் மௌத்தாகக்குள்ள இப்பிடித்தான் சத்தம் போட்டிச்சு. அதுக்கும் இப்பிடி நிண்டு காது குடுத்திருந்தா திருத்தியாவது இரிக்கலாம்."

பாட்டுகளை மாற்றிப் போடுவதோ இடையில் தாவுவதோ அவருக்குப் பிடிக்காது. முதலாவதிலிருந்து பத்தாவது வரை ஒரே போக்காகக் கேட்கவேண்டும். நாலாவது பாட்டில், வயலுக்கு மேலே பனி எழும்புகிறது போல ஒரு நீண்ட ஓசை விரியும். அது வீரமுனை வயல் நடுவே வண்டி போகும்போதுதான் வரவேண்டும் என்று முடிவெடுத்து, காரைதீவில் சும்மா கொஞ்சம் சுணங்கிப் பார்த்தார். பாட்டு பிந்தினால் வேகத்தைக் குறைத்தார், முந்தினால் கூட்டினார். வீரமுனையில் கனகேஸ்வரி என்ற அம்மா படலையில் நின்று, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில், "ஏன் காக்கா, நேரத்துக்கு வாறதில்ல இப்ப?" என்று கேட்டபோது, "ரோட்டு சரியில்ல அம்மா," என்றார். ரோட்டு கார்ப்பெட் போட்ட புது ரோட்டு.

எல்லாவற்றிலும் அவருக்கு உயிர் ஏழாவது பாட்டு. அதன் நடுவில் இசை எல்லாம் ஒரு கணம் அடங்கும். அந்த இடத்தில் ஒரு காகம் கத்தும். இரண்டு தரம். தாளம் தப்பாமல், சரியாக அந்த இடைவெளியில். இப்படியொரு யோசனை எந்த மண்டைக்குள் வந்திருக்கும் என்று ஒவ்வொரு தரமும் தலையை ஆட்டுவார்.

ஆசை அதோடு நிற்கவில்லை. ஒரு பின்னேரம், கூரை ஸ்பீக்கரிலிருந்த வழக்கமான மெட்டைக் கழற்றிவிட்டு, மூன்றாவது பாட்டின் தொடக்கத்தைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

ஒரு வாசலும் திறக்கவில்லை. நுளம்புக்குப் புகையடிக்க வருகிறார்கள் என்று எண்ணி ஒரு வீட்டில் யன்னலைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் ஹாஜறா என்ற இளம்பெண் தன் போன்தான் அடிக்கிறது என்று வீடு முழுக்கத் தேடினாள். சபியா உம்மா மட்டும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கேற்றடிக்கு வந்தார்.

"என்ன மனே, எலெக்சன் வந்திட்டா?"

"இல்ல உம்மா, பாண்."

"பாணா? பாணுக்கு இப்பிடி அழுவாங்களா?"

அன்று கட்டுக்கட்டாகப் பாண் மிஞ்சியது. பஸ்மினா கோபத்தில் இராச்சாப்பாட்டுக்குப் பாண், காலைக்குப் பாண், மறுநாள் பகலுக்குப் பாணில் செய்த ஏதோ ஒன்று என்று வைத்தாள். காலிதீன் எல்லாவற்றையும் பொறுமையாகச் சாப்பிட்டார். மெட்டை மாற்றவில்லை.

மறுநாள் கல்முனை மெதடிஸ்த கோயில் பக்கத்து ஒழுங்கையில் போகும்போது, ஒரு பெண் செருப்பும் போடாமல் ஓடிவந்து வண்டியை மறித்தாள். கையில் அகப்பையிருந்தது. பெயர் மேர்சியா.

"காக்கா, இந்தப் பாட்டு உங்களுக்கு எங்கால வந்தது?"

காலிதீன் அவசரமாக வண்டியை விட்டு இறங்கினார். "பென்டிரைவ் மாறிப்போச்சு தங்கச்சி. குடுக்கத்தான் இருந்தன்."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "மெல்ரொய்! உங்கட பாட்டு பாண் வண்டியில வருது!"

அவள் புருசன் மெல்ரொய் சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்தார். பிரிட்ஜ் திருத்துகிறவர், ஒரு காலத்தில் கலியாண பாண்டில் கீபோர்ட் வாசித்தவர். சண்டைக்கு வருகிறார் என்றுதான் காலிதீன் நினைத்தார். அவரோ சின்ன ஸ்பீக்கரில் போடச் சொல்லி, வண்டியில் சாய்ந்து நின்று மூன்றாவது பாட்டை முழுக்கக் கேட்டார்.

"உங்கட கீதமெல்லாம் என்னட்டத்தான் இருக்கு. நல்லாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். "வாங்க உள்ள."

வீட்டுக்குள் மேர்சியா பிளேன்டீ வைத்தாள். இங்கிலாந்தில் நாலு பெடியன்கள் எண்பதுகளின் தொடக்கத்தில் போட்ட அல்பம் அது என்று மெல்ரொய் சொன்னார். "கிற்றாரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப்போட்டு சிந்தசைசரை முன்னுக்கு விட்டவங்க. நியூ வேவ் எண்டு பேர். புது அலை."

"சுனாமி அடிச்ச இந்தக் கரையில அந்தப் பேரை சத்தமாச் சொல்லாதீங்க," என்றார் காலிதீன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவுஸ்திரேலியாவிலிருக்கும் தம்பி அனுப்பிய சுத்தமான சீடியை மெல்ரொய் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். காலிதீன் கண்ணை மூடிக்கொண்டார். இதுவரை கேட்காத சின்னச் சின்னச் சத்தங்கள் எல்லாம் வெளியே வந்தன. ஏழாவது பாட்டு வந்தது. இசை அடங்கியது. காலிதீன் விரலைத் தூக்கினார். இசை திரும்பத் தொடங்கியது.

அவர் கண்ணைத் திறந்து ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"என்ன காக்கா தேடுறீங்க?" என்றாள் மேர்சியா.

"காகத்த."

விசயம் விளங்க மெல்ரொய்க்குச் சற்று நேரம் பிடித்தது. பென்டிரைவில் இருந்தது அவருடைய பழைய கசெற். அதை ஸ்பீக்கரில் பாடவிட்டு, முன்னால் போனை வைத்து இந்த வீட்டிலேயே பதிவு செய்திருந்தார். யன்னல் திறந்து கிடந்தது. மதிலில் மேர்சியா மீன்தலை போட்டிருந்தாள்.

"அது கல்முனைக் காகம், காலிதீன். பாட்டில இல்ல. பிழை அது."

"பிழை இந்த சீடியிலதான்," என்றார் காலிதீன். "அந்த இடம் வெறுமையாக் கிடக்கு. அவங்க ஏதோ ஒண்டுக்காகத்தானே இடம் விட்டு வச்சிரிக்காங்க?"

மெல்ரொய் கிட்டத்தட்ட கோபப்பட்டார். நாற்பது வருசமாகக் கேட்கிற பாட்டு தனக்குத் தெரியாதா என்றார். தெரிந்தால் காகத்தை ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டார் காலிதீன். பிளேன்டீ ஆறியது. வெளியே வண்டிக்குப் பின்னால் ஒருத்தி "பாண்! பாண்காரர்!" என்று கூப்பிட்டு, பதில் இல்லாமல் போய்விட்டாள்.

பென்டிரைவைக் கொடுத்துவிட்டு, தன் கீதங்களை வாங்கிக்கொண்டு காலிதீன் மனமில்லாமல் வந்தார். ஒரு கிழமை போனது. அதே ஒழுங்கையில் மெல்ரொய் வண்டியை மறித்தார். முகம் சரியில்லை.

"சீடியை இப்ப கேக்க ஏலாமக் கிடக்கு. அந்த இடம் வந்தா காகத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கன். என்னைக் கெடுத்துப்போட்டீங்க."

பென்டிரைவில் இருந்ததைக் காலிதீனுக்கென்று பிரதியெடுத்து, கையோடு கொண்டுவந்திருந்தார். கூரை ஸ்பீக்கரின் மெலிந்த தொண்டைக்கு ஏற்றபடி, மூன்றாவது பாட்டின் தொடக்கத்தைத் தன் கீபோர்டிலேயே துடிப்பாக வாசித்தும் கொடுத்தார். புது மெட்டுக்கு ஊர் பழக ஒரு மாதம் சென்றது. பிறகு வேறு பாண் வண்டிக்குப் பிள்ளைகள் ஓடாமல் அதற்குத்தான் ஓடினார்கள். சபியா உம்மாவும் வந்தார். "அழுற பாண்" என்று அவர் வைத்த பெயர் தெருவில் நிலைத்துவிட்டது.

இப்போது வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் காலிதீன் மெல்ரொய் வீட்டு விறாந்தையில் இருப்பார். அண்மையில் அதே நாலு பேரின் இரண்டாவது அல்பத்தை மெல்ரொய் பெருமையோடு போட்டுக் காட்டினார். காலிதீன் மீன் வைத்த மாலுபாண் ஒன்றைக் கடித்தபடி கடைசிவரை அசையாமல் கேட்டார்.

"எப்பிடி?"

"வாசிப்பு முந்தினதை விடத் திறம்." காலிதீன் யோசித்தார். "ஆனா பாடுறவருக்குக் கலியாணம் முடிஞ்சிட்டுப் போல. அந்தத் தவிப்பு இல்ல."

மெல்ரொய் வாயைத் திறந்தார். கதவடியில் மேர்சியா தேத்தண்ணித் தட்டோடு நிற்பதைக் கண்டு மூடிக்கொண்டார்.