கம்ப்யூட்டரோடு வந்த காவலும் என் தமிழ் கீபோர்டும்

கம்ப்யூட்டரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் கிடையாது என்றுதான் சொல்வேன். பிளஸ் டூ வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பின்வரிசைக்குப் போய்விடுவேன். விவரம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் அண்ணி செய்த ஒரு காரியத்தை யாராவது எழுதி வைக்க வேண்டும், வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. காட்டூரில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார். ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை. நான் வீட்டில் இருந்தபடியே ஸ்ரீரங்கத்தில் உள்ள ஒரு பிரஸ்ஸுக்குத் தமிழ் டைப் அடித்துக் கொடுக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் வரும். இந்த வருஷம்தான் முதல்முறையாக ஒரு முழுப் புத்தகம் கிடைத்தது. எங்கள் பங்குக் கோயில் திருவிழாவுக்கான மாதா பாட்டுப் புத்தகம். கொடியேற்றத்துக்கு முன் அது அச்சாகி வந்துவிட வேண்டும். பாதிக்கு மேல் அடித்து முடித்திருந்தேன்.

அப்போது கம்ப்யூட்டரில் தினமும் ஒரு சிவப்புக் கட்டம் வர ஆரம்பித்தது. வாங்கும்போது கடைக்காரர் போட்டுக்கொடுத்த வைரஸ் தடுப்பின் காலம் முடிந்துவிட்டதாம். உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, உடனே பணம் கட்டுங்கள் என்று அது பயமுறுத்தும். நான் பயந்துகொண்டே மூடிவிட்டுப் பாட்டு அடிப்பேன். கடைக்காரரைக் கேட்டேன்.

"கம்ப்யூட்டருக்கு உள்ளயே வர்ற வைரஸ் காவல்லாம் சும்மா பேருக்குங்க. கட்டிருங்க, நிம்மதியா இருக்கலாம்."

வீட்டுக்காரரும் கட்டிவிடலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அண்ணியிடம் சொன்னேன்.

"அவன் சொன்னான் இவன் சொன்னான்னு இருக்கட்டும். அது என்ன சொல்லுது? படிச்சியா?"

"இங்கிலீஷ்ல இருக்கு அண்ணி."

"அதுக்காக மூடிருவியா?"

இதுதான் அண்ணி. மருந்து அட்டையின் பின்பக்கத்தையும் ரேஷன் கடை வாசலில் ஒட்டிய காகிதத்தையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் நகருவார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். தெரியாத வார்த்தையைப் போனில் தேடிப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "ஆபத்து இருக்குன்னு இது சொல்லல. நான் போறேன்னுதான் சொல்லுது. இது போனா கம்ப்யூட்டரோட வந்த காவல் தானா முழிச்சுக்குமாம். நம்ம வீட்டுக்கு அது போதும். ஆபீஸ், பேங்குன்னா வேற கதை."

"அது ஏமாந்துட்டா?"

"எதுவும் ஏமாறும். அதனாலதான் பாட்டையெல்லாம் தனியா ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கங்கிறேன்."

பாட்டுகளை அவருடைய புது பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொண்டு, காலம் முடிந்த தடுப்பை நீக்கினார். நீக்கும் முன் அதன் உள்ளே போய்ப் பார்த்தவர் சிரித்தார். குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரை மட்டும் பார்க்காதே என்று யாரோ அதற்குக் கட்டளை போட்டு வைத்திருந்தார்கள். அது என் தமிழ் கீபோர்டு இருந்த ஃபோல்டர். கீபோர்டு என்று நாங்கள் சொல்வது தமிழ் அடிப்பதற்கான சின்ன மென்பொருளை. பிரஸ் ஆள்தான் அதைப் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுக்கொடுத்திருந்தார்.

உள்ளே இருந்த காவல் விழித்தது. சத்தம் இல்லை, பணம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, வைரஸ் இருக்கிறது என்று என் கீபோர்டைப் பிடித்துவிட்டது.

"புடிச்சு ரூமுல போட்டுப் பூட்டியிருக்கு. சாகடிக்கல" என்றார் அண்ணி.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர் பரீட்சை பாஸ் செய்தவள் நான். விரலுக்கு அந்த டைப்ரைட்டர் முறை ஒன்றுதான் தெரியும். கீபோர்டு இல்லாவிட்டால் புத்தகம் இல்லை. பிரஸ்காரருக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

"அட, அந்தக் காவலை ஆஃப் பண்ணிட்டு அடிங்கம்மா. எங்க கம்ப்யூட்டர்ல வாங்கின நாள்லேர்ந்து ஆஃப்தான். இந்தத் தொழில்ல எல்லாரும் அப்படித்தான். பேயா புடிச்சிருச்சு?"

அண்ணி கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "அந்த கீபோர்டு உங்களுக்கு எங்கேர்ந்து கெடைச்சுதுங்க?"

"யாருக்குத் தெரியும்? முன்னாடி வேலை பாத்த பொண்ணு குடுத்துச்சு. அதுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் யாரோ குடுத்தாங்களாம்."

தயிருக்கு உறை மோர் வாங்குவதுபோல அந்த கீபோர்டு பிரஸ் பிரஸ்ஸாக, வீடு வீடாக வந்திருக்கிறது. முதல் மோர் யார் வீட்டுடையது என்று ஒருவருக்கும் தெரியாது.

அண்ணி பேசுவார் என்று போனை நீட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டார். "வேலை உன்னுது. நீ சொல்லு."

"ஆஃப் பண்ண மாட்டேங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வேற வழி பாத்து அனுப்பிடறேன்."

"பெரிய கம்பெனி வெச்சிருக்கீங்க! சரி, நாளைக்குக் காலையில எனக்கு வந்துரணும். இல்லன்னா திருவானைக்காவல்ல ஒரு அம்மா அடிக்குது, அதுக்கிட்ட குடுத்துருவேன்."

அண்ணி அந்த கீபோர்டின் பெயரைத் தேடினார். அதை உருவாக்கியவர்களே தங்கள் பக்கத்தில் இலவசமாகக் கொடுத்து வைத்திருந்தார்கள். இத்தனை காலம் ஒருவரும் அங்கே போய் எடுக்கவில்லை. அது உருவாக்கியவர்களின் சொந்தப் பக்கம்தானா என்று மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்துவிட்டு இறக்கினார். காவல் சோதித்தது, ஒன்றும் சொல்லவில்லை. விரலை வைத்தேன். 'மாதாவே' என்று அடித்தேன். 'மாதாவே' என்றே வந்தது.

"ஓவரா அழாத, கீபோர்டு நனஞ்சிரும்" என்றார் அண்ணி.

மீதிப் பாட்டுகளை அன்று சாயங்காலத்துக்குள் அடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அண்ணி பிழை பார்த்தார். நடுவில் கடைக்காரர் போன் செய்து பணம் கட்டியாச்சா என்று கேட்டார். இல்லைங்க, உள்ளேயே இருப்பது போதும் என்று நானே சொன்னேன். அந்தக் காவலை நான் வியந்து சொல்ல வேண்டும். வீட்டிலேயே இருந்திருக்கிறது. வாய்ப்பு கொடுத்த அன்றே வேலையைச் செய்தது. தொல்லை தாங்காமல் அதை அணைத்து வைக்காதவரை எங்களைப் போன்ற வீட்டுக்கு அது போதும் என்பது என் அனுபவம். ஆனால் அது சொன்னதை மூடாமல் படித்தவர் அண்ணிதான். அவர் இல்லாவிட்டால் நானும் அதை ஆஃப் செய்திருப்பேன்.

வழக்கமாக வந்துபோகும் பிரஸ்ஸின் பென் டிரைவைத் தொடாமல், பாட்டுகளை மெயிலில் அனுப்பினோம்.

மறுநாள் காலையில் பிரஸ்காரர் போன் செய்தார். அனுப்பிய ஃபைல் எல்லாம் சரியாகத் திறந்ததாகச் சொன்னார். இரண்டு பாட்டில் வரி மாற்றம் கேட்டார். மாற்றி அனுப்பினேன். மதியம் புத்தகம் அச்சுக்குப் போனது.